புகையும் பொருளாதாரமும்: உடல்நல, சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உடல்நலமும் சுற்றுச்சூழல் கொள்கையும் ஒன்றையொன்று தொடும் இடம்தான் என் களம். ஒரு விதி வந்த பிறகு மனிதர்கள் இழுக்கும் மூச்சில் உண்மையிலேயே ஏதாவது மாறியதா, மாறியிருந்தால் யாருடைய உடம்பு தேறியது என்பதே என் வேலையின் சாரம். உறவினர்கள், மருத்துவம் படித்த நண்பர்கள், இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நுரையீரலை மருத்துவர் பார்ப்பார், புகைபோக்கியைப் பொறியாளர் பார்ப்பார். பொருளாதாரம் படித்தவருக்கு இங்கே என்ன வேலை?

புகையோடு காற்றில் மிதக்கும் நுண்துகள் உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை மருத்துவம் சொல்லிவிடும். அதைக் கொதிகலனிலேயே பிடித்து நிறுத்தும் கருவியைப் பொறியியல் கொடுத்துவிடும். கருவியை வாங்கி வைத்த ஆலை அதை ஏன் ஓட்டுவதில்லை? ஓட்ட வைக்க எப்படிப்பட்ட விதி வேண்டும்? அதற்கு ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது, கூடும் ஆயுள் யாருக்குப் போகிறது? இவையெல்லாம் ஊக்கமும் பணமும் மனித நடத்தையும் சேர்ந்த கேள்விகள்.

ஆர்தர் பிகூ என்ற பொருளியலாளர் 1920இலேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். ஆலை நடத்துபவர் நிலக்கரிக்கு விலை கொடுக்கிறார், ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார். அக்கம்பக்கத்தாரின் இருமலுக்கு மட்டும் அவருடைய கணக்கில் இடமில்லை. தான் கொடுக்காத விலையை யாரும் மிச்சப்படுத்தப் பார்ப்பதில்லை, அதனால் புகை அளவுக்கு மீறிப் போகிறது. இதைப் புறவிளைவு என்கிறோம். அந்த விலையை அவரே ஏற்கும்படி வரி போடலாம் என்றார் பிகூ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று மாசு பற்றிய நோய்ப்பரவல் ஆய்வுகளில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆர்டன் போப், பொருளாதாரப் பேராசிரியர்தான். அவருடைய ஆய்வு ஒன்று கீழே வருகிறது.

புகை அதிகமுள்ள ஊரில் நோய் எவ்வளவு, குறைந்த ஊரில் எவ்வளவு என்று ஒப்பிட்டால் போதாதா?

போதாது. இந்தத் துறையின் பாதி உழைப்பு இந்த ஒரு கேள்விக்கே போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆலைக்குப் பக்கத்தில் வாடகை குறைவு. வருமானம் குறைந்தவர்கள் அங்கே குடியேறுகிறார்கள். அவர்களுக்குச் சத்துணவும் குறைவு, வேலையும் கடினம், மருத்துவரிடம் போவதும் தாமதம். அங்கே நோய் அதிகம் என்று தெரிந்தால் அது புகையாலா வறுமையாலா என்று எப்படிச் சொல்வது? எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. பெருநகரில் புகை அதிகம், நல்ல மருத்துவமனைகளும் அதிகம். கிராமத்தோடு ஒப்பிட்டால் புகை உள்ள இடத்தில் சாவு குறைவு என்றுகூட எண்கள் காட்டும். அதை நம்பிக் கொள்கை வகுத்தால் கேடுதான்.

ஆகவே மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, மாசு மட்டும் வேறுபடும் இரண்டு கூட்டங்களைத் தேடுகிறோம். இதற்கு இன்றும் எங்கள் வகுப்புகளில் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு 1854இல் லண்டனில் பரவிய காலரா. அப்போது தென் லண்டனில் இரண்டு தனியார் நிறுவனங்கள் குழாய்த் தண்ணீர் கொடுத்தன. தெருவுக்குத் தெரு, சில இடங்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கே, இரண்டின் குழாய்களும் கலந்து ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852இல் தன் நீரேற்றும் இடத்தைத் தேம்ஸ் நதியில் மேலே, நகரத்துக் கழிவு கலக்காத பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனம் பழைய இடத்திலேயே எடுத்தது. எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்பதற்கும், அந்த வீட்டார் பணக்காரரா ஏழையா என்பதற்கும் தொடர்பு இல்லை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், காலரா சாவு நடந்த வீடுகளுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர் வந்தது என்று வீடு வீடாக விசாரித்தார். பழைய இடத்துத் தண்ணீர் வந்த வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவுகள். லாம்பெத் தண்ணீர் வந்த வீடுகளில் 37.

காலரா கிருமியைப் பற்றி மருத்துவ உலகம் இன்னும் தெளிவடையாத காலம் அது. அதற்கு முன்பே, தண்ணீரை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்று சொல்ல அந்த ஒப்பீடு போதுமானதாக இருந்தது. இதை இயற்கைச் சோதனை என்கிறோம். யாரும் திட்டமிடாமல் வாழ்க்கையே நடத்திவைத்த சோதனை.

இப்போது அப்படிப்பட்ட சோதனைகளை எங்கே தேடுகிறீர்கள்?

எதிர்பாராத இடங்களில். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986 ஆகஸ்டு முதல் ஏறத்தாழ 13 மாதம் மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக்குழல் அழற்சியும் ஆஸ்துமாவுமாக அனுமதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தது.

கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் அமெரிக்காவின் 1981–82 பொருளாதார மந்தத்தை எடுத்துக்கொண்டார்கள். மந்தத்தில் ஆலைகள் சுணங்கின, சில மாவட்டங்களில் காற்றுத் துகள் சட்டென்று இறங்கியது, பக்கத்து மாவட்டங்களில் அவ்வளவு இறங்கவில்லை. காற்று தெளிந்த இடங்களில் சிசு மரணமும் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. சுங்கச்சாவடியில் காசு கொடுக்க வண்டிகள் வரிசையில் நின்று, நின்று நகரும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் மின்னணுக் கட்டண முறை வந்ததும் வரிசை கரைந்தது. அவர்கள் பார்த்தது சாவடியைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பிரசவப் பதிவுகளை. ஒப்பிட எடுத்துக்கொண்டது அதே சாலையையொட்டி, ஆனால் சாவடியிலிருந்து 2 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்த தாய்மார்களை. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் குறைமாதப் பிரசவம் 10.8 சதவீதமும், எடை குறைந்த பிறப்பு 11.8 சதவீதமும் குறைந்தன. குழந்தை நலனை மனதில் வைத்து யாரும் அந்த முறையைக் கொண்டுவரவில்லை. பயண நேரத்தை மிச்சப்படுத்தத்தான் கொண்டுவந்தார்கள். ஒரு போக்குவரத்துத் திட்டத்தின் லாப நட்டக் கணக்கில் பிரசவ வார்டும் இடம்பெற வேண்டும் என்று காட்டிய ஆய்வு அது. இதைப் படித்த பிறகுதான் நான் இந்தத் துறையை எடுத்தேன்.

காற்று வீசும் திசையும் எங்களுக்கு உதவும். இன்று கிழக்கிலிருந்து வீசுமா மேற்கிலிருந்து வீசுமா என்பதை யாருடைய வருமானமும் தீர்மானிப்பதில்லை. திசை மாறிய நாட்களில் புகை எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே சாவு கூடியதா என்று பார்க்கலாம்.

ஆய்வுகளில் பிறப்பு எடையும் சிசு மரணமும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

ஐம்பது வயதுக்காரரின் இதயநோய்க்குப் பின்னால் பல ஊர்களில், பல ஆண்டுகள் இழுத்த மூச்சு இருக்கிறது. எந்தக் காற்று என்ன செய்தது என்று பிரிப்பது கடினம். பிறந்த குழந்தைக்கு வயிற்றில் இருந்த சுமார் ஒன்பது மாதம்தான், அப்போது தாய் எங்கே இருந்தார் என்பதும் பெரும்பாலும் தெரியும். பாதிப்பு பிறப்போடு முடிவதும் இல்லை. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு தெளிந்த காற்றில் பிறந்தவர்கள், 30 வயதில் சற்றுக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று பிற்கால ஆய்வு காட்டியிருக்கிறது.

தரவு எங்கிருந்து வருகிறது? தினமும் என்னதான் செய்கிறீர்கள்?

பெரும்பகுதி நேரம் தரவைச் சுத்தம் செய்வதில் போகிறது. தரைக் கண்காணிப்பு நிலையங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள், மருத்துவமனைப் பட்டியல்கள், வீட்டுக் கணக்கெடுப்புகள், வானிலைப் பதிவுகள் எல்லாவற்றையும் இடம், தேதி வாரியாக இணைக்க வேண்டும். நிலையம் இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள். 1999இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி, வளிமண்டலத் துகள்கள் சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்று அளக்கிறது. அதிலிருந்து தரைமட்டத் துகளைக் கணிக்கலாம். மேகமூட்டமான நாட்களில் அது பார்க்காது, ஆகவே மழைக்கால மாதங்களில் அளவீடுகளே குறைவாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு தரவுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. பிறப்பு எடையை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்: 2,500 கிராம், 3,000 கிராம் ஆகிய இடங்களில் கோபுரம் போல எழும்பி நிற்கும். எடைபோட்டவர் முழு எண்ணுக்குத் தள்ளி எழுதியிருக்கிறார். எடை குறைந்த குழந்தை என்பதற்கான எல்லையே 2,500 கிராம்தான். ஆகவே அந்தக் கோபுரம் எல்லையின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம். பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பில் வேறொரு விஷயம். வீடுகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு மாதிரித் தொகுதியின் (கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளின் கூட்டம்) இருப்பிடத்தையும் வேண்டுமென்றே நகர்த்தித் தருவார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, கிராமத் தொகுதிகளில் நூறில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரை. மக்களின் அந்தரங்கத்தைக் காக்க அது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சாலையிலிருந்து 500 மீட்டர் தூரத்தில் என்ன நடக்கிறது என்று அந்தத் தரவை வைத்துக் கேட்க முடியாது என்பதையும் ஆய்வாளர் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் வந்தால் புகை குறையுமா?

தானாகக் குறையாது. இங்கேதான் குஜராத்தில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து செய்தது, 2013இல் வெளிவந்தது.

அங்கே ஆலைகள் வெளி நிறுவனத்தை வைத்துப் புகையைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும் ஆலை, காசு கொடுப்பதும் ஆலை. துகளுக்கான உச்ச வரம்பு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். வந்த அறிக்கைகளை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலான அளவீடுகள் 150க்குச் சற்றே கீழே ஒட்டிக்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் தாங்களே போய் அளந்தபோது பல ஆலைகள் வரம்பைத் தாண்டி எங்கேயோ இருந்தன.

பிறகு குலுக்கல் முறையில் ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் ஏற்பாட்டை மாற்றினார்கள். எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது. சம்பளம் பொது நிதியிலிருந்து, நிலையான தொகையாக. சில அளவீடுகளை வேறொருவர் மறுபடி போய்ச் சரிபார்த்தார். இரண்டாம் ஆண்டில், சரியாக அளந்தவருக்குக் கூடுதல் தொகையும் கிடைத்தது. அதே தணிக்கை நிறுவனங்கள் உண்மையை எழுதத் தொடங்கின. உண்மை வாரியத்தின் மேசைக்கு வந்ததும் ஆலைகள் புகையையும் குறைத்தன.

சட்டத்தின் எழுத்தில் ஒரு வரியும் மாறவில்லை. யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்பது மட்டும் மாறியது. அமலாக்கத்தைப் பற்றி யாராவது ஒரே ஓர் ஆய்வு படிக்கக் கேட்டால் நான் கையில் கொடுப்பது இதைத்தான்.

தடை, வரி, உமிழ்வுச் சந்தை: எது நல்லது?

மாசின் தன்மையைப் பொறுத்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்குத் தடைதான் சரி, கொஞ்சம் ஈயம் பரவாயில்லை என்ற நிலையே குழந்தைகளின் மூளைக்குக் கிடையாது. மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு அமெரிக்கா 1995இல் உமிழ்வுச் சந்தையைத் தொடங்கியது. மொத்த அளவுக்கு உச்சவரம்பு வைத்து, மலிவாகக் குறைக்க முடிந்தவர் அதிகம் குறைத்து மிச்ச அனுமதியை விற்கலாம் என்பது ஏற்பாடு. சூரத்தில் 2019இல் துகள் உமிழ்வுக்கே அப்படியொரு சந்தை வந்தது, உலகிலேயே முதலாவது. 300க்கும் மேற்பட்ட ஆலைகளில் நடந்த ஆய்வில், சந்தையில் சேர்ந்தவற்றின் உமிழ்வு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. புகைபோக்கியிலேயே தொடர் அளவீட்டுக் கருவி இருந்ததால்தான் இது சாத்தியமானது. அளக்க முடியாத இடத்தில் சந்தை வெறும் காகிதம்.

ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த தீர்வு வீட்டிலும் வேலை செய்யும் அல்லவா?

ஒடிசாவில் புகை குறைந்த அடுப்புகளைக் குலுக்கல் முறையில் கொடுத்து நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள் ரேமா ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் மூவரும். முதல் ஆண்டில் சமைப்பவர் இழுத்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. அடுப்பு பழுதானது, புகைக்குழாயைச் சுத்தம் செய்ய நேரமில்லை, பழைய அடுப்பும் பக்கத்திலேயே இருந்தது. நுரையீரல் செயல்திறனில் முன்னேற்றம் தெரியவில்லை. குடும்பங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பராமரிப்புச் சுமையை யார் ஏற்பார் என்று வடிவமைப்பிலேயே யோசித்திருக்க வேண்டும்.

உயிருக்கு விலை போடுவது கொடுமையாக இல்லையா?

வருத்தத்தோடு கேட்கப்படும் கேள்வி இது, அந்த வருத்தம் நியாயமானது. நாங்கள் கணக்கிடுவது குறிப்பிட்ட ஒரு மனிதரின் விலை அல்ல. ஒரு லட்சம் பேர் வாழும் இடத்தில் ஒரு நடவடிக்கையால் ஆண்டுக்கு ஒரு சாவு குறையும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஆபத்து லட்சத்தில் ஒன்று குறைகிறது. அதற்காகத் தலைக்கு எவ்வளவு கொடுக்கச் சம்மதம் என்று அறிந்து, லட்சத்தால் பெருக்கினால் வருவதுதான் புள்ளியியல் உயிர் மதிப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006ஆம் ஆண்டு டாலர் கணக்கில் 74 லட்சம் என்று வைத்திருக்கிறது.

இதைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். வடிகட்டியின் விலை ரசீதில் இருக்கிறது. காப்பாற்றப்படும் உயிருக்கு எண்ணே இல்லையென்றால், பட்ஜெட் கூட்டத்தில் அது பூஜ்ஜியமாகத்தான் எண்ணப்படும்.

ஆனால் இந்த அளவுகோலை எப்படியும் வளைக்கலாம் என்ற ஆபத்து உண்டு. அதே முகமை 70 வயதைத் தாண்டியவர்களின் உயிருக்கு 37 சதவீதம் குறைத்துப் போட்ட ஒரு கணக்கை முன்வைத்து, கடும் எதிர்ப்பு வந்ததால் 2003இல் கைவிட்டது. ஏழை குறைவாகத்தான் கொடுக்க முடியும், ஆகவே அவர் உயிருக்கு மதிப்பு குறைவு என்ற முடிவுக்கும் இந்த முறை இழுத்துப் போகும். ஒரு நாட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது கணிதம் தரும் விடை அல்ல, அறம் சார்ந்த முடிவு.

காற்று தெளிந்தால் எல்லோருக்கும்தானே நன்மை?

மூச்சில் ஆம், பணத்தில் அப்படியில்லை. தூய காற்றுச் சட்டத்தால் துகள் குறைந்த மாவட்டங்களில் வீட்டு விலை ஏறியது என்று சேயும் கிரீன்ஸ்டோனும் 2005இல் காட்டினார்கள். சொந்த வீடு வைத்திருப்பவருக்கு அது லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு வாடகை உயர்வு, சிலருக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. சுத்தமான காற்று வந்து சேரும்போது அதற்காகக் காத்திருந்தவர் அங்கே இல்லை என்றால், சராசரியை மட்டும் காட்டும் அட்டவணையில் அது தெரியாது. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத அட்டவணையை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை.

வெப்பமும் உங்கள் பாடத்தில் வருமா?

வரும். அமெரிக்காவில் கடும் வெப்ப நாட்களால் நேரும் சாவு, இருபதாம் நூற்றாண்டின் போக்கில் 75 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு ஏறத்தாழ முழுவதும் 1960க்குப் பிறகு, வீடுகளில் ஏசி பரவியதோடு சேர்ந்து வந்தது. ஏசி வாங்க முடியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் உலகில் இந்த முடிவைப் படிக்கும்போது நிம்மதியும் கவலையும் ஒன்றாக வருகின்றன. அதே ஏசிக்கு மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்த ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கும்போது எதை நம்புவது?

சீனாவில் ஹுவாய் நதிக்கு வடக்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க அரசு நிலக்கரியை இலவசமாகக் கொடுத்தது, தெற்கே கொடுக்கவில்லை. நதியின் இரு கரைகளையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு, வடக்கே ஆயுள் 5.5 ஆண்டு குறைவு என்றது. கணக்கில் பயன்படுத்திய வளைகோட்டின் வடிவத்தைப் புள்ளியியலாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். 2017இல் நுண்ணிய தரவோடு வந்த அடுத்த ஆய்வு 3.1 ஆண்டு என்றது. நான் இதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை. விமர்சித்தவர்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள், ஆய்வாளர்களும் திரும்பிப் போய் அளந்தார்கள். 3.1 ஆண்டு என்பதே ஒரு சமூகத்துக்குப் பெரிய இழப்பு.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? எவ்வளவு காலம்?

பெரும்பாலும் ஐந்து, ஆறு ஆண்டுகள். முதல் ஆண்டு நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பொருளியல் அளவையியல் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்), பிறகு தகுதித் தேர்வு. அதன்பின் துறைப் பாடங்கள், ஆய்வு முன்மொழிவு, வழக்கமாக மூன்று கட்டுரைகள் கொண்ட ஆய்வேடு. கணிதமும் நிரல் எழுதும் பழக்கமும் முன்கூட்டியே இருந்தால் நல்லது. ஒரு மருத்துவரோடும், மாசுக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் ஒருவரோடும் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். 150க்குச் சற்றே கீழே ஒட்டிய எண்கள் ஏன் வருகின்றன என்று பாடநூல் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள்.

செய்தியில் ‘காற்று மாசால் இத்தனை பேர் இறந்தார்கள்’ என்று வந்தால் எப்படிப் படிப்பது?

காற்று மாசால் ஆண்டுக்கு சுமார் 70 லட்சம் பேர் முன்கூட்டியே இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இறப்புச் சான்றிதழ்களை எண்ணிச் சேர்த்த தொகை அல்ல அது. லண்டனில் 2013இல் இறந்த ஒன்பது வயதுச் சிறுமி எலா அடூ-கிஸ்ஸி-டெப்ராவின் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தது செய்தியானதற்குக் காரணமே, சான்றிதழில் அப்படி எழுதப்படுவது அவ்வளவு அரிது என்பதுதான். மற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்றுதான் எழுதியிருக்கும். எத்தனை பேர் எவ்வளவு துகளை இழுக்கிறார்கள், எவ்வளவு துகளுக்கு ஆபத்து எவ்வளவு கூடும் என்ற இரண்டையும் பெருக்கி அந்தத் தொகையை அடைகிறார்கள்.

எல்லையை எங்கே போடுகிறோம் என்பதும் எண்ணை மாற்றும். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் ஐந்து நாள் மூடியபோது முதல் கணக்கு சுமார் 4,000 சாவுகள். அடுத்த சில மாதங்களில் தொடர்ந்த சாவுகளையும் சேர்த்துப் பிற்காலத்தில் பார்த்தபோது ஏறத்தாழ 12,000. எண் எந்தக் காலத்துக்கு உரியது, எதோடு ஒப்பிட்டது, கீழ் வரம்பும் மேல் வரம்பும் என்ன என்று மூன்றைப் பாருங்கள். செய்தியில் ஒற்றை எண் மட்டும் இருந்தால் மூல அறிக்கையின் அட்டவணையைத் திறந்தால் போதும், வரம்பு பெரும்பாலும் அங்கே இருக்கும்.